ஊற்று நதியில் காட்டு டிரவுட்: ஃப்ளை ஃபிஷிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஹென்றிஸ் ஃபோர்க் என்று ஓர் ஆறு. ஸ்னேக் ஆற்றின் கிளை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அங்கே போய், டிரவுட் என்ற குளிர்நீர் மீனை ஃப்ளை ஃபிஷிங் என்ற தூண்டில் முறையில் பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறவன் நான். திரும்பி வந்ததும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

நாம் வாய்க்காலில் போடும் தூண்டிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் தூண்டிலில் முள், மண்புழு, ஈயக்குண்டு, தக்கை. குண்டின் கனம் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் குண்டும் கிடையாது, புழுவும் கிடையாது. முள்ளின் மேல் இறகு, ரோமம், நூல் எல்லாம் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். அதுதான் ஃப்ளை. அதற்குக் கனமே இல்லை. கையால் வீசினால் காலடியில் விழும். அதனால் கனத்தை நரம்புக்கே கொடுத்துவிட்டார்கள். பூச்சுப் போட்ட தடித்த நரம்பைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசி நீட்டினால், அதன் கனத்தில் ஃப்ளையும் கூடவே போய் விழும். தடித்த நரம்புக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை ஒன்று உண்டு, அது முன்னிழை.

ஊற்று நதி என்று ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்? ஆறு ஆறுதானே?

அமெரிக்க மேற்கின் பெரும்பாலான ஆறுகள் பனி உருகி ஓடுகிறவை. மே, ஜூனில் கலங்கிப் பெருகும், ஆகஸ்டில் வற்றும், குளிர்காலத்தில் உறையும். ஊற்று நதி அப்படி இல்லை. மலைமேல் பெய்த பனி எரிமலைப் பாறைக்குள் இறங்கி, வருடக்கணக்கில் மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் பீறிட்டு வருகிறது. ஹென்றிஸ் ஃபோர்க்கின் தலைமாட்டில் ‘பிக் ஸ்பிரிங்ஸ்’ என்ற ஊற்று இருக்கிறது. அதில் தினமும் சுமார் 45 கோடி லிட்டர் தண்ணீர் வருகிறது. கோடையானாலும் ஜனவரியானாலும் அதன் வெப்பநிலை சுமார் 11 டிகிரி செல்சியஸ். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளிர்ச்சியாகவும் தெரிவது எதனாலோ, அதே காரணம்தான்.

வெப்பநிலையும் அளவும் மாறாமல் இருப்பதால் அடியில் பாசி செழிக்கும். பாசி இருந்தால் பூச்சி, பூச்சி இருந்தால் மீன். இந்த மாதிரி நீர் மேற்கில் வேறு இடங்களிலும் உண்டு: ஐடஹோவில் பிக்காபோ ஊர் அருகே சில்வர் கிரீக், மொன்டானாவில் லிவிங்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள ஊற்று ஓடைகள், ஓரிகனில் பிளாக் பியூட் குன்றின் அடிவாரத்தில் புறப்படும் மெட்டோலியஸ், வட கலிஃபோர்னியாவில் ஹேட் கிரீக்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் உங்களுக்குத் தெரியும், நீங்களும் மீனுக்குத் தெரிவீர்கள்.

‘காட்டு டிரவுட்’ என்றால் அந்த மண்ணுக்கே உரிய மீன் என்று அர்த்தமா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான்.

பிராய்லர் கோழி, நாட்டுக்கோழி வித்தியாசம் நமக்குத் தெரியும். மீன் பண்ணையில் பொரித்து, தொட்டியில் தீனி போட்டு வளர்த்து, லாரியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டும் டிரவுட் பிராய்லர் மாதிரி. ஆற்றின் சரளையிலேயே முட்டையிலிருந்து வெளிவந்து, அங்கேயே பிழைத்து வளர்ந்தது காட்டு டிரவுட். அதன் பாட்டன் பூட்டன் எங்கிருந்து வந்தார்கள் என்பது வேறு கணக்கு. ஹென்றிஸ் ஃபோர்க்கில் இன்று நாம் பிடிக்கும் வானவில் டிரவுட்டின் முன்னோர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஸ்னேக் ஆற்றில் 65 மீட்டர் உயர ஷோஷோனி அருவி குறுக்கே நிற்கிறது. பசிபிக் பக்கத்து மீன் தானாக அதைத் தாண்டி மேலே வர வழியில்லை. பிரவுன் டிரவுட் இன்னும் தூரம். 1880-களில் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி அமெரிக்கா வந்தது. அருவிக்கு மேலே பூர்வகுடி என்றால் அது தாடைக்குக் கீழே சிவப்புக் கோடு போட்ட கட்த்ரோட் டிரவுட்தான். வந்தேறிகள் பெருகிய பல இடங்களில் அது ஒதுங்கிவிட்டது, அல்லது வானவில் டிரவுட்டோடு கலந்துவிட்டது.

அப்படியானால் காட்டு மீனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அதற்கு மொன்டானாவில் ஒரு கதை இருக்கிறது. அங்கே மேடிசன் ஆற்றிலும் ஓடெல் கிரீக் என்ற ஊற்று ஓடையிலும் மாநில மீன்வள உயிரியலாளர் ரிச்சர்ட் வின்சென்ட் மீன்களை எண்ணிக்கொண்டு வந்தார். வருடாவருடம் பண்ணை மீனைக் கொட்டிய பகுதியில் ஆற்று மீன் குறைவாக இருந்தது. கொட்டுவதை நிறுத்திய பகுதியில் அது பெருகியது. அதாவது, மீன் பெருகட்டும் என்று செய்த காரியமே மீனைக் குறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து, காட்டு டிரவுட் தாக்குப்பிடிக்கும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை மொன்டானா 1974-இல் நிறுத்தியது. கடைக்காரர்களும் மீன்பிடிக்க வருகிறவர்களும் கோபப்பட்டார்கள். இன்று அதே மொன்டானாவின் காட்டு மீனுக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

மீன் கண்ணெதிரே இருக்கிறது, பூச்சியும் தின்கிறது. என் ஃப்ளையை மட்டும் ஏன் தொடமாட்டேன் என்கிறது?

எல்லோரும் கேட்பது இது. நானும் ஒருகாலத்தில் கேட்டேன். ஹாரிமன் மாநிலப் பூங்காவுக்குள் ஹென்றிஸ் ஃபோர்க் அகலமாக, சலனமில்லாமல் ஓடும் பகுதிக்கு ‘ரான்ச்’ என்று பெயர். ஹாரிமன் குடும்பத்தின் பழைய பண்ணை நிலம் அது; 1977-இல் மாநிலத்துக்குத் தானமாக வந்தது. அங்கே முதல் இரண்டு நாளும் ஒரே மீனிடம் பெட்டியிலிருந்த அத்தனை ஃப்ளையையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். மூன்றாம் நாள் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், “ஃப்ளையை விடுங்கள், நரம்பைப் பாருங்கள்” என்றார்.

அவர் சொன்னது இதுதான். மேலே மிதக்கும் நிஜப் பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே போகும். நம் ஃப்ளை நரம்பில் கட்டுண்டது. நமக்கும் மீனுக்கும் நடுவில் ஓட்டம் ஓரிடத்தில் வேகம், ஓரிடத்தில் மெதுவு. பாசிக்கு மேலே ஒரு மாதிரி, பாசி இடுக்கில் வேறு மாதிரி. வேகமான ஓட்டம் நரம்பைப் பிடித்து இழுக்கும், ஃப்ளை அரை அங்குலம் சறுக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. மீனுக்குத் தெரியும். தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பூச்சி தலைக்கு மேல் போவதைப் பார்த்த மீன் அது. குறுக்கே சறுக்கும் பூச்சியை அது பூச்சியாகவே மதிக்காது.

அப்புறம், மீனின் ஜன்னல். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் ஒரு வட்டத்துக்குள் மட்டும்தான் தெரியும். ஒளி வளைவதால் வருவது. அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல அடித்தளத்தைத்தான் திருப்பிக் காட்டும். வட்டத்தின் அகலம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல இரண்டேகால் மடங்கு. பூச்சி தின்னும் டிரவுட் மேற்பரப்பை ஒட்டி, சுமார் 15 செ.மீ. ஆழத்தில் நிற்கும். அப்படியென்றால் அதன் ஜன்னல் 34 செ.மீ. அகலம், நம் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஃப்ளை அந்தத் தட்டுக்குள் வந்தாக வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போனால் உங்கள் ஃப்ளை உலகத்திலேயே இல்லை.

பூச்சி நிறைய இருக்கும் நேரத்தில் டிரவுட் இடத்தைவிட்டு நகராது. வாய்க்கு நேரே வருவதை மட்டும் ஒரு தாளத்தில் எடுத்துக்கொண்டிருக்கும். எண்ணிப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூக்கு மேலே. மறுபடியும் நான்கு, மூக்கு மேலே. அந்தத் தாளத்தில் ஃப்ளை போய்ச் சேரவேண்டும்.

சரி, என்ன செய்வது? சாதாரண ஆற்றில் மீனுக்குப் பின்னாலிருந்து, அதாவது ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி வீசுவார்கள். ஊற்று நதியின் தட்டையான நீரில் பெரும்பாலும் நேர்மாறு. ஓட்டத்தில் மீனுக்கு மேல்பக்கம், பக்கவாட்டில் தள்ளி நின்று கீழ்நோக்கி வீசுவது. அப்போது மீன் முதலில் பார்ப்பது ஃப்ளையை, நரம்பை அல்ல. நரம்பு விழும்போதே தூண்டில் கோலை மேல்பக்கம் சாய்த்து, கொஞ்சம் தொய்வு விடவேண்டும். அந்தத் தொய்வு தீரும்வரைதான் ஃப்ளை சுதந்திரமாக மிதக்கும். ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ. அதற்குள் மீன் எடுத்தால் எடுத்தது. எடுக்காவிட்டால் ஃப்ளையை அவசரமாகப் பிடுங்காமல், மீனைத் தாண்டிப் போகவிட்டு, ஓரமாக ஒதுக்கி எடுங்கள். மீனின் தலைக்கு மேல் நரம்பை ஆட்டிக் குறி பார்ப்பது வேண்டாம், நிழல் விழுந்தாலே போய்விடும்.

தண்ணீருக்குள் நடப்பது கோயில் பிரகாரத்தில் அடிப்பிரதட்சிணம் செய்கிற வேகத்தில் இருக்கட்டும். அலை ஒன்று உங்கள் காலிலிருந்து கிளம்பிப் போய்த் தொட்டால் அந்த மீன் பத்து நிமிடம் மேலே வராது.

எந்தப் பூச்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மழை விட்டதும் விளக்கைச் சுற்றும் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். இனம் வேறு, ஆனால் ஒரே நேரத்தில் கூட்டமாகக் கிளம்பி, சீக்கிரமே செத்து விழும் விதம் அதேதான். மேஃப்ளை என்ற பூச்சி பெரும்பாலும் ஒரு வருடம் ஆற்றின் அடியில் புழுப்பருவத்தில் கிடக்கும். பிறகு மேலே நீந்தி வந்து, தோலை உரித்து, சிறகு விரித்து, காயும்வரை பாய்மரப் படகு போல மிதக்கும். இது ‘டன்’. கரைக்குப் பறந்து போய் இன்னொரு முறை தோல் உரித்துக் கண்ணாடிச் சிறகோடு வருவது ‘ஸ்பின்னர்’. வளர்ந்த பூச்சிக்கு உண்ணப் பயன்படும் வாய் கிடையாது. கூடி, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி தண்ணீரில் விழுந்துவிடும்.

மீனுக்கு மிகவும் பிடித்தது இவை இரண்டுக்கும் முன்னால் வரும் கட்டம்: தோலிலிருந்து பாதி வெளியே, பாதி உள்ளே என்று மேற்பரப்பில் மாட்டிக்கொண்டு தவிக்கும் ‘எமர்ஜர்’. அதனால் பறக்க முடியாது. மீனுக்கு அது தெரியும்.

மேலே பறக்கும் பூச்சியைப் பார்த்து ஃப்ளை கட்டுவது புதியவர்கள் செய்யும் தப்பு. மீனின் வாயைப் பாருங்கள். மூக்கு வெளியே வந்து, குமிழி விட்டுப் போனால் மேலே மிதப்பதைத் தின்கிறது. மூக்கு தெரியாமல் முதுகும் துடுப்பும் மட்டும் புரண்டு தெரிந்தால் மேற்பரப்புக்கு அடியிலிருக்கும் எமர்ஜரை. சத்தமே இல்லாமல் மழைத்துளி விழுந்தது போல ஒரு சின்ன வளையம் என்றால் செத்த ஸ்பின்னராக இருக்கலாம். சின்ன வளையம் என்றால் சின்ன மீன் என்று ஏமாந்துவிடாதீர்கள். ரான்ச்சில் அரை மீட்டர் நீள மீன் அப்படித்தான் தின்னும்.

ஹென்றிஸ் ஃபோர்க்கில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முழுக்க வெளிர் மஞ்சள் மேஃப்ளை. அதை எல்லோரும் பி.எம்.டி. என்பார்கள். ஜூன் கடைசியில் கிரீன் டிரேக், இது பெரிய பூச்சி. அது வரும் நாட்களில் கரையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஆகஸ்ட் காலைகளில் கொசு அளவே இருக்கும் டிரைக்கோ. வெயில் ஏறிய பிறகு எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி. செப்டம்பர், அக்டோபரில் மேகமூட்டமான நாட்களில் பேட்டிஸ் என்ற மேஃப்ளை. எல்லோருக்கும் கிரீன் டிரேக்தான் கனவு. எனக்கு ஆகஸ்டில் ஓர் எறும்பு போதும். கூட்டமும் இருக்காது.

என்ன கோல், என்ன நரம்பு வாங்குவது?

9 அடிக் கோல், 4 அல்லது 5 எண் நரம்பு. முன்னிழை 12 முதல் 15 அடி. கடைசித் துண்டின் தடிமனை எக்ஸ் எண்ணால் சொல்வார்கள்; 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஓர் அங்குலத்தில் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வரும். ஆக 6எக்ஸ் என்பது 0.005 அங்குலம், 0.13 மி.மீ. மீனவர் சந்தையில் வாங்கும் தங்கூஸ் நரம்பின் பக்கத்தில் வைத்தால் இது சிலந்தி நூல். முள் எண் 16 முதல் 22 வரை. எண் கூடக்கூட முள் சிறுக்கும். விலை உயர்ந்த கோலில் காசைக் கொட்டாதீர்கள். கண்ணை உறுத்தாத போலராய்டு கண்ணாடி ஒன்று நல்லதாக வாங்குங்கள். அது இல்லாமல் தண்ணீருக்குள் எதுவும் தெரியாது.

இவ்வளவு தெளிந்த ஆற்றுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது?

ஊற்று கெடாது, ஆறு கெடும். பிக் ஸ்பிரிங்ஸுக்குக் கீழே ஐலண்ட் பார்க் அணை இருக்கிறது, 1930-களில் பாசனத்துக்காகக் கட்டியது. கீழே உருளைக்கிழங்கும் பார்லியும் விளையும் வயல்கள். கோடைப் பாசனத்துக்குத் தண்ணீர் சேர்க்கக் குளிர்காலத்தில் மதகைச் சாத்துவார்கள். அந்தக் குளிரில்தான் டிரவுட் குஞ்சுகள் கரையோரக் கல் இடுக்குகளில் ஒண்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் இறங்கினால் அந்த இடுக்குகள் காய்ந்துவிடும். குளிர்காலத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டார்களோ, அதைப் பொறுத்துத்தான் சில வருடம் கழித்துப் பெரிய மீனின் எண்ணிக்கை. காவிரியில் மதகுக் கணக்குப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டையை விளக்க வேண்டியதில்லை. 1984-இல் தொடங்கிய ஹென்றிஸ் ஃபோர்க் ஃபவுண்டேஷன் விவசாயிகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து இதைப் பேசிவருகிறது. 1992-இல் அணையை அளவுக்கு மீறி வடித்தபோது அடியில் படிந்திருந்த சேறு கிளம்பிக் கீழே ரான்ச் வரை போய் மூடியது.

நோயும் உண்டு. மீன் குஞ்சின் குருத்தெலும்பைத் தாக்கி, அது தன் வாலையே துரத்திச் சுற்றும்படி செய்யும் ஓர் ஒட்டுண்ணி 1994-இல் மேடிசன் ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. மேல் மேடிசனில் வானவில் டிரவுட் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. அந்த ஒட்டுண்ணியின் ஒரு பருவம் சேற்றில் வாழும் மெல்லிய புழுவுக்குள் கழிகிறது. அதனால்தான் ஓர் ஆற்றில் நனைந்த காலணியை நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஆற்றில் இறங்கக் கூடாது என்கிறார்கள். கம்பளி அடிப்பாகக் காலணிக்கு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2018 முதல் தடை.

பிடித்ததை ஏன் திரும்ப விடவேண்டும்? ஒரு குழம்புக்குக்கூட ஆகாதா?

ரான்ச்சில் சட்டமே அப்படி. ஃப்ளை மட்டும், எதிர்முள்ளை நசுக்கிய முள் மட்டும், பிடித்ததை விட்டாக வேண்டும். என் அம்மாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை: “பிடிச்சு விடறதுக்கு ஏண்டா அவ்வளவு தூரம் போறே?” என்னிடம் நல்ல பதில் இல்லை. சாப்பிடுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. எடுத்துச் செல்ல அனுமதியுள்ள நீர்நிலைகள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன, அங்கே நானும் எடுத்திருக்கிறேன். மிளகு தூவிப் பொரித்தால் நன்றாக இருக்கும். குழம்புக்கு அதன் சதை தாங்காது.

விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், வழவழப்பு உரியக் கூடாது. ரப்பர் வலை. சீக்கிரம் இழுத்துச் சேருங்கள். மெல்லிய நரம்பில் அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டினால் மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துவிடும். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் கோலை மடக்கிவிடுங்கள். மொன்டானாவில் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரியை ஒட்டிப் போனால் மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள்.

உரிமம்?

அந்தந்த மாநில உரிமம் வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். ஒவ்வோர் ஆற்றுக்கும், ஆற்றின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி விதி இருக்கும். ரான்ச் பகுதி பல வருடமாக ஜூன் 15-இல் திறக்கிறது. போகும் முன் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். லிவிங்ஸ்டன் பக்கத்து ஊற்று ஓடைகள் தனியார் நிலத்தில் ஓடுகின்றன. ஒரு நாளைக்கு இத்தனை கோல்தான் என்று கணக்கு வைத்துக் கட்டணம் வாங்குவார்கள். மாதக்கணக்கில் முன்பதிவு தேவைப்படும்.

ஊட்டியிலும் டிரவுட் உண்டாமே?

உண்டு. ஆங்கிலேயர்கள் கொண்டுவந்தது, அவலாஞ்சியில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொரிப்பகம் இருக்கிறது. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலும் இருக்கிறது. வானவில் டிரவுட் என்ற வகையில் ஹென்றிஸ் ஃபோர்க் மீனுக்கு அவை தூரத்துப் பங்காளிகள்.

வழிகாட்டி வைத்துக்கொள்வது அவசியமா?

முதல் நாளுக்கு வையுங்கள். இரண்டாம் நாள் தனியாகப் போங்கள். ஐலண்ட் பார்க் பகுதியில் கிரிஸ்லி கரடி உண்டு, கரடிக்கு அடிக்கும் ஸ்பிரே இடுப்பில் இருக்கட்டும். மூஸ் மான் குட்டியோடு ஆற்றில் நின்றால் நீங்கள்தான் சுற்றிப் போகவேண்டும். உயரம் 6,000 அடிக்கு மேல், ஜூனிலும் விடியற்காலை உறைபனி விழும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தையும் கூட்டிப் போகலாமா? அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பிக் ஸ்பிரிங்ஸுக்கே கூட்டிப் போங்கள். பாலத்தின் மேல் நின்றால் கீழே முழங்கை நீள டிரவுட்டுகள் பாசியின் நடுவே அசையாமல் நிற்பது தெரியும். செதிலில் உள்ள புள்ளிகூடத் தெரியும். ஊற்றில் மீன்பிடிக்கத் தடை, அவை யாரையும் சட்டை செய்வதில்லை. நான் இரண்டு நாளாக ஆற்றில் கெஞ்சியும் பக்கத்தில் வராத அதே இனம்தான். அங்கே என் மகள் ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, “அப்பா, இதுங்க இங்கேயே இருக்கே, நீ எங்கே போய்த் தேடறே?” என்றாள்.